தாங்குகிற உடம்பு, தாங்காத நெஞ்சு

கல்யாண விருந்தோ, தீபாவளித் திறந்த இல்லமோ, நம் ஆண்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும்: “அளவா குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதாம், டாக்டருங்களே சொல்றாங்க.” சொல்பவர் அநேகமாகப் படித்தவராக, கோலாலம்பூரில் நல்ல வேலையில் இருப்பவராக இருப்பார். மேசையில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். கேட்க இனிக்கிற செய்தியை யார்தான் மறுப்பார்கள்?

இதற்குத் துணையாக இன்னொரு பேச்சும் உண்டு: “எனக்குத் தாங்கும்.” பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் தலைமுறையில் பிறந்து, தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். அங்கே ‘தாங்குற ஆளு’ என்பது ஒரு பட்டம். எங்கள் லயத்தில் டிராக்டர் ஓட்டிய அண்ணன் ஒருவர் அந்தப் பட்டத்துக்குச் சொந்தக்காரர். எவ்வளவு குடித்தாலும் தள்ளாட மாட்டார், சத்தம் போட மாட்டார், மறுநாள் காலை பெரட்டுக்கு முதல் ஆளாக நிற்பார். ஐம்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில், ஒரு விடியற்காலை ‘வாயு’ என்று இஞ்சித் தண்ணீர் கேட்டவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். “அவரு தள்ளாடிக்கூட யாரும் பாத்ததில்லையே, எப்படி நெஞ்சு அடைச்சுச்சு?” என்று துக்க வீட்டில் ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

ஒரு தனி மனிதரின் மரணத்துக்கு இதுதான் காரணம் என்று கைகாட்ட முடியாது. ஆனால், தள்ளாடாதவருக்கு நெஞ்சு அடைக்குமா என்ற அந்தக் கேள்விக்கு மரபணு ஆய்வுகள் இன்று விடை வைத்திருக்கின்றன. ‘அளவாகக் குடித்தால் நல்லது’ என்பதற்கும் அதே ஆய்வுகளில் விடை இருக்கிறது.

சிவக்கும் முகமும் சிவக்காத முகமும்

நம் நாட்டில் மரபணு வேறுபாட்டைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வேலை இடத்து விருந்து ஒன்று போதும். சீன நண்பர் ஒருவர் அரை கேன் பீர் குடித்ததுமே முகம், கழுத்து எல்லாம் சிவந்துபோவார். நெஞ்சு படபடக்கிறது என்பார். பக்கத்தில் நம் தம்பி மூன்றாவது கேனைத் திறந்துகொண்டிருப்பார். முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. “அதுக்குள்ளேயா?” என்று கிண்டல் வேறு.

செம்பனை ஆலையைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். லாரியில் வரும் குலைகளை முதலில் வாசலில் இறக்குகிறார்கள். பிறகு அவை உள்ளே போய் வேகின்றன. இறக்குவது வேகமாகவும் உள்ளே வேலை மெதுவாகவும் நடந்தால் வாசலில் குலைகள் குவிந்து கெடத் தொடங்கும். மதுவும் ஈரலில் இப்படி இரண்டு கட்டமாகத்தான் கரைகிறது. முதல் நொதி மதுவை அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாற்றுகிறது. இரண்டாவது நொதி அந்த நச்சை அசிட்டேட் என்ற தீங்கு குறைந்த பொருளாக்கி அனுப்பிவிடுகிறது.

முதல் நொதியைத் தயாரிக்கும் மரபணுக்களில் முக்கியமானது ஏ.டி.எச்.1பி. இரண்டாவது நொதிக்கு ஏ.எல்.டி.எச்.2. கிழக்காசிய மக்களில் பெரும்பாலோரிடம் முதல் மரபணுவின் வேகமான வடிவம் இருக்கிறது. ஏறத்தாழ 36 விழுக்காட்டினருக்கு இரண்டாவது நொதி சரியாக வேலை செய்வதில்லை. இறக்குவது வேகம், வேக வைப்பது மந்தம். குவிந்துபோன நச்சுதான் முகத்தில் சிவப்பாகத் தெரிகிறது.

தென்னாசிய மக்களிடம் நிலைமை வேறு. உலக மக்களின் மரபணு வேறுபாடுகளைத் தொகுத்து 2015-இல் நிறைவடைந்த ‘ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம்’, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களிடமிருந்தும் மாதிரிகளைச் சேகரித்தது. அந்தத் திட்டத்தின் தென்னாசிய மாதிரிகளில், முகத்தைச் சிவக்க வைக்கும் ஏ.எல்.டி.எச்.2 வடிவம் இல்லை என்றே சொல்லலாம். வேகமான ஏ.டி.எச்.1பி வடிவமும் மிகச் சிலரிடமே இருந்தது.

அப்படியானால் ‘எனக்குத் தாங்கும்’ என்பதன் பொருள் என்ன? குடித்த உடனே ‘போதும்’ என்று அடிக்கும் எச்சரிக்கை மணி நம்மில் பெரும்பாலோரின் உடம்பில் பொருத்தப்படவில்லை என்பதே. மணி அடிக்காத வீட்டில் திருடன் வர மாட்டான் என்று அர்த்தமில்லை.

சிவக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அவர் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து பன்மடங்கு கூடுகிறது. அடுத்த முறை அவரைக் கிண்டல் செய்து இன்னொரு கிளாஸ் ஊற்றும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒயின் நல்லது என்ற கதை

‘அளவோடு குடித்தால் இருதயத்துக்கு நல்லது’ என்ற நம்பிக்கை வெறும் வாய்ப்பேச்சில் பிறந்ததன்று. கொழுப்பு அதிகம் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஏன் மாரடைப்பு குறைவு என்று கேட்டு, சிவப்பு ஒயின்தான் காரணம் என்பதுபோல 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று நிகழ்ச்சி ஒளிபரப்பியது. ஒயின் விற்பனை எகிறியது. அறவே குடிக்காதவர்களைவிடக் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு இருதய நோய் குறைவு என்று பல ஆய்வுகளும் காட்டின.

மரபணுவும் இந்தக் கதையில் அப்போதே நுழைந்தது. அமெரிக்க மருத்துவர்களிடையே நடந்த ஓர் ஆய்வு 2001-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஏ.டி.எச்.1சி என்ற மரபணுவின் மெதுவான வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் தினமும் மிதமாகக் குடித்தபோது, அவர்களுக்கு மாரடைப்பு மிகக் குறைவாக இருந்தது என்றது அது. மாரடைப்பு கண்டவர்கள் 396 பேர், ஒப்பிட 770 பேர். மது மெதுவாகக் கரைவதால் ‘நல்ல கொழுப்பு’ கூடுகிறது, அதனால் பலன் என்று விளக்கினார்கள். ‘உங்கள் மரபணுவைப் பொறுத்து ஒயின் உங்களுக்கு மருந்து’ என்ற எண்ணம் பரவ இது போதுமானதாக இருந்தது. பின்னர் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் ஒன்றுபோலக் கிடைக்கவில்லை. நல்ல கொழுப்பை உயர்த்தும் மருந்துகளும் மாரடைப்பைக் குறைக்கத் தவறின.

கோளாறு எங்கே? யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதில். ‘குடிக்காதவர்’ பட்டியலில், நோய் வந்து டாக்டர் சொன்னதால் குடியை விட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் பக்கம் நோய் அதிகமாகத்தானே தெரியும்? கொஞ்சமாகக் குடிப்பவர்களோ பெரும்பாலும் வசதியானவர்கள். உடற்பயிற்சி செய்கிறார்கள், காய்கறி சாப்பிடுகிறார்கள், புகை குறைவு. பலன் எங்கிருந்தோ வந்தது. பெயரை ஒயின் தட்டிச் சென்றது.

இயற்கை போட்ட குலுக்கல்

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஆய்வாளர்கள் மரபணுவையே பிடித்துக்கொண்டார்கள். பாதிப் பேரைக் குடிக்கச் சொல்லி, பாதிப் பேரைக் குடிக்காதே என்று சொல்லி முப்பது ஆண்டு காத்திருக்க முடியாது. ஆனால் கருவில் உருவாகும்போதே ஒருவருக்கு எந்த மரபணு வடிவம் என்பது சீட்டுக் குலுக்கல்போல முடிவாகிவிடுகிறது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத வடிவம் கிடைத்தவர் இயல்பாகவே குறைவாகக் குடிப்பார். அவருடைய சம்பளமோ படிப்போ அதைத் தீர்மானிப்பதில்லை. அளவான குடி உண்மையிலேயே நெஞ்சைக் காக்கிறது என்றால், இவர்களுக்கு இருதய நோய் கூடியிருக்க வேண்டும்.

2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளியினர் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. வேகமான ஏ.டி.எச்.1பி வடிவம் உள்ளவர்கள் வாரத்துக்கு 17 விழுக்காடு குறைவாகக் குடித்தார்கள். அவர்களுக்கு இருதய இரத்தக்குழாய் நோய் வாய்ப்பு 10 விழுக்காடு குறைவாக இருந்தது. மிதமாகக் குடிப்பவர்களிடையிலும் குறைவாகக் குடித்தவருக்கே நன்மை.

2019-இல் ‘லான்செட்’ இதழில் வந்த சீன ஆய்வு இன்னும் தெளிவு. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில் ஏறத்தாழ 1 லட்சத்து 60 ஆயிரம் பேரின் மரபணுக்களைப் பரிசோதித்தார்கள். பழைய முறையில் கணக்கிட்டபோது, வாரம் சுமார் 100 கிராம் மது குடித்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மிகக் குறைவு என்று வந்தது. மரபணு வழியில் கணக்கிட்டபோது அந்த நன்மை காணாமல் போனது. குடி கூடக் கூட இரத்த அழுத்தமும் பக்கவாதமும் நேர்க்கோட்டில் கூடின. மாரடைப்பைப் பொறுத்தவரை மது காக்கவும் இல்லை.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது பெண்களின் கணக்கு. சீனப் பெண்களில் சுமார் 2 விழுக்காட்டினர் மட்டுமே வழக்கமாகக் குடிப்பவர்கள். ஆண்களுக்கு இருக்கும் அதே மரபணு வடிவங்கள் அவர்களிடமும் உண்டு. ஆனால் எந்த வடிவம் இருந்தாலும் அவர்களின் இரத்த அழுத்தத்திலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. மரபணு தனியாக எதையும் செய்துவிடவில்லை. கையில் இருந்த கிளாஸ்தான் செய்தது. “எங்க வம்சத்துக்கே இது இருக்கு, என்ன செய்றது?” என்று விதிமேல் பழி போடுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

பிரிட்டனில் 3 லட்சத்து 70 ஆயிரம் பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஆபத்து ஒரே சீராக ஏறுவதில்லை. கொஞ்சமாகக் குடிக்கும்போது சிறிதளவு, அளவு கூடும்போது பாய்ச்சலாக. குறைப்பவருக்குக் கிடைக்கும் பலன் பெரிது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

நம்மவர் கணக்கு

இந்த ஆய்வுகள் வெள்ளைக்காரர்களையும் சீனர்களையும் பற்றியவை, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கும் கணக்கு இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ என்ற பெரிய மாரடைப்பு ஆய்வில், உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது மது ஓரளவு பாதுகாப்பு தருவதுபோலத் தெரிந்தது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட 5 தென்னாசிய நாடுகளைத் தனியாகப் பிரித்து 2007-இல் வெளியிட்டபோது அந்தப் பாதுகாப்பு அங்கே தென்படவில்லை. அதோடு, தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாடுகளில் 58.8. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஆண்களிடையே நடந்து 2010-இல் வந்த ஆய்வு, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இருதய நோய் கூடுதல் என்றே கண்டது.

நம் நாட்டில் மக்கள்தொகையில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. ஆனால் தேசிய இருதய நோய்ப் பதிவேட்டில், திடீர் இருதய நோயோடு சேர்க்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தியர். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இனிப்புநீர் உள்ள பெரியவர்கள் நாடளவில் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. இனிப்புநீர், இரத்த அழுத்தம், வயிற்றுச் சதை என்று ஏற்கெனவே சுமை ஏறிய லாரி இது. அதன்மேல் மதுவையும் ஏற்றிவிட்டு ‘எனக்குத் தாங்கும்’ என்கிறோம்.

கள்ளுக்கடை முதல் கேன் வரை

மரபணு ஒரு பக்கம் இருக்கட்டும். கிளாஸ் கைக்கு எப்படி வந்தது? மலாயாவின் முதல் வணிக செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது எங்கள் பெர்ஜுந்தை தென்னமரம் தோட்டத்தில்தான். ரப்பரும் செம்பனையுமாக வளர்ந்த இந்த வட்டாரத்தில், மற்றத் தோட்டங்களைப் போலவே, வேலை முடிந்தவனுக்குக் கோயிலுக்கு அடுத்துத் தெரிந்த இடம் கள்ளுக்கடை. தோட்ட நிர்வாகமே உரிமம் பெற்றுக் கள் விற்ற காலம் அது. காலையில் கொடுத்த கூலி மாலையில் திரும்பி வந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடைகளை மூடுவது. படிக்காதவர்கள் என்று சொல்லப்பட்ட அந்தப் பாட்டாளிகளுக்குத் தெரிந்திருந்தது, குடி என்பது தனி மனிதப் பலவீனம் மட்டுமன்று என்று.

கள்ளுக்குப் பிறகு சம்சு வந்தது. சின்ன போத்தல்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 330 மில்லி பீர் கேனில், 5 விழுக்காடு மது என்றால், சுமார் 13 கிராம் மது இருக்கிறது. 40 விழுக்காடு மது உள்ள 150 மில்லி போத்தலில் 47 கிராம். அதாவது சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தப் போத்தல் மூன்றரை கேனுக்குச் சமம். தினமும் ஒன்று என்றால் வாரம் 330 கிராம். சீன ஆய்வில் ‘பாதுகாப்பு’ என்று தவறாகத் தோன்றிய அளவே 100 கிராம்தான்.

கள்ளச் சாராயத்தின் ஆபத்து தனி. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 40-க்கும் மேற்பட்டோர் அதைக் குடித்து இறந்தார்கள். அதில் கலந்திருந்த மெத்தனாலை, மதுவை உடைக்கும் அதே முதல் நொதிதான் கண்ணையும் உயிரையும் பறிக்கும் நஞ்சாக மாற்றுகிறது. அங்கே யாருக்கும் ‘தாங்காது’.

தோட்டம் விற்கப்பட்டு, லயம் காலியாகி, பிள்ளைகள் புக்கிட் ரோத்தான், ஈஜோக் வீடமைப்புப் பகுதிகளுக்கும் தலைநகருக்கும் போய்விட்டார்கள். சம்சுவின் இடத்தில் கேனும் விஸ்கியும் வந்திருக்கின்றன. வாரம் முழுவதும் தொடாமல் சனிக்கிழமை இரவு மட்டும் ஒரே மூச்சில் ஏழெட்டு கேன் குடிப்பதை இளைஞர்கள் ‘கட்டுப்பாடு’ என்று நினைக்கிறார்கள். இருதயம் அப்படி நினைப்பதில்லை. ஒரே இரவில் அதிகம் குடிப்பது துடிப்பைத் தாறுமாறாக்கும். விடுமுறை நாள்களில் மட்டும் இப்படி வருகிறவர்களைப் பார்த்து, 1978-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு ‘விடுமுறை இருதயம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

குடும்பத்தில் கேட்க வேண்டிய கேள்வி

இருதயத் தசை விஷயத்தில் மரபணுவும் மதுவும் கைகோப்பது இன்னும் கடுமை. டைட்டின் என்பது தசையின் மிகப்பெரிய புரதம். ஸ்பிரிங்போல இழுபட்டுச் சுருங்குவது. 2018-இல் வந்த ஓர் ஆய்வு, குடியால் இருதயம் பலவீனமடைந்த 141 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு டைட்டின் மரபணு பாதியில் அறுபட்டிருந்தது. ஆரோக்கியமானவர்களில் இது 1 விழுக்காடுகூட இல்லை. ஆக, ஒரே அளவு குடித்த இருவரில் ஒருவரின் இருதயம் மட்டும் வீங்கித் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். “அப்பாவுக்கு ஹார்ட் பெருசாயிருச்சுன்னு சொன்னாங்க” என்ற பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ‘பெரியப்பா நல்லாத்தானே குடிச்சாரு’ என்பது உங்களுக்குச் சான்றிதழ் ஆகாது.

“அண்ணே, ஆன்லைன்ல டி.என்.ஏ. டெஸ்ட் கிட் விக்கிறாங்க, எடுத்துப் பாக்கட்டுமா?” என்று ஒரு தம்பி கேட்டார். பொறியியலாளர், வயது முப்பது. எச்சிலைத் துப்பி அனுப்பினால், அவர் எந்த அளவு குடிக்கலாம் என்று அறிக்கை வருமாம். “தம்பி, எந்த மரபணு வந்தாலும் ‘உனக்கு மட்டும் குடி மருந்து’ன்னு சொல்ல இன்னைக்கு ஆதாரம் இல்ல. அந்தக் காசுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணி, சீனியும் கொழுப்பும் எவ்வளவுன்னு பாருங்க” என்றேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். குடிக்காதவர் இருதயத்துக்காகத் தொடங்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனமும், உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை என்றே அறிவித்தது. குடிப்பவர் ஒவ்வொரு கேன் குறைக்கும்போதும் இரத்த அழுத்தம் அதற்கு நன்றி சொல்லும். இனிப்புநீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அந்த மயக்கத்தைப் போதை என்று நினைத்துத் தூங்க விட்டுவிடக் கூடாது.

பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடிப்பவரை ‘நாளையிலிருந்து தொடக்கூடாது’ என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை வரை போகலாம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள். குடியின் அளவை அறியப் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. மருத்துவக் கண்காணிப்போடு படிப்படியாக விட வழி இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் என்றால் அதை வாயு என்று இஞ்சித் தண்ணீரும் சோடாவும் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். அடைப்பு எடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. தோட்டத்து உட்புறங்களிலிருந்து தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ சுங்கை பூலோவுக்கோ போக நேரம் எடுக்கும் நம் வட்டாரத்தில், யோசித்துக்கொண்டு நிற்க நமக்கு நேரமில்லை.